கயிறு இழுத்தவரிடம் என்ன கேட்கிறாய்?

அன்புள்ள தங்கத்துக்கு,

ஒரகடம் கார் ஆலையில் உன்னை ஷிப்ட் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் போனில், "என் லைனில் யாரும் எந்தக் குறையும் சொல்றதில்லைப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னாயே, அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் குறையே இல்லாமல் இருக்காது கண்ணு. சொல்லிப் பயனில்லை என்று நினைத்திருப்பார்கள், இல்லையென்றால் பயப்படுகிறார்கள். உன் ஆட்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதிலும் பலர் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் என்கிறாய். காண்ட்ராக்டர் காதுக்கு ஒரு வார்த்தை போனால் மறுநாள் வேலை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். தானாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதே.

நான் இருந்த நூற்பாலையில் காற்றில் ஈரம் குறைந்தால் இழை அடிக்கடி அறும். அது ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கிற மெஷினில், நிற்கிற சைடர் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். இழை அறுந்தால் ஒட்டுவது அவர்கள் கைதானே. அவர்கள் சொன்னதைக் கேட்டு உடனே சரிசெய்ய ஆள் அனுப்பிய மேஸ்திரியின் ஷிப்டில் கழிவும் குறைவாக இருக்கும், சத்தமும் குறைவாக இருக்கும்.

உன் தொழிலிலேயே ஒரு கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் பிரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத அளவுக்கு அங்கே நிலைமை மோசம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்கள், தொழிற்சங்கமும் பழையதுதான். முன்பு லைனை நிறுத்துவது பெரும் குற்றம். நும்மியில் லைன் நெடுக ஒரு கயிறு கட்டினார்கள். கோளாறு கண்ணில் பட்டால் யாரும் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், வண்டி அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். கொஞ்ச வருடங்களிலேயே அங்கே செய்த கார்கள் ஜப்பானில் செய்த கார்களின் தரத்தை எட்டின. அதே மனிதர்கள்தான் செய்தார்கள், யோசித்துப் பார்.

அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளுக்கும் கொண்டுபோகப் பார்த்தது. பல வருடம் அவ்வளவாக எடுபடவில்லை. கயிறு கட்டுவது சுலபம், மேலே இருப்பவர்களின் பழக்கம் மாறுவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

உங்கள் ஆலையிலும் அப்படிக் கோளாறைச் சொல்கிற விளக்கு, அண்டான் விளக்கு, இருக்கிறது என்றாய். அது எரியும்போது உன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையைக் கவனி. "ஏன் நிறுத்தினே?" என்று கேட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கோளாறைப் போகவிடுவான். "என்ன பார்த்தீங்க தம்பி?" என்று கேள். நன்றி சொல்லு. அவர்கள் பேச்சு புரியாவிட்டால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள், ஆனால் அந்த ஆள் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது.

ஒருவர் சொன்னதைச் செய்ய முடியவில்லை என்றால், முடியாது, இன்ன காரணம் என்று அவரிடமே போய்ச் சொல்லிவிடு. பதிலே வராமல் போவதுதான் மனிதர்களை ஊமையாக்குகிறது. மீட்டிங்கில் கேட்காதே, அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மெஷின் பக்கத்தில் போய் நின்று கேள்.

நைட் ஷிப்டில் சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அப்பா