நாடகம் எழுதுபவர்களே, ரத்தம் ஒளிராது

சிங்கப்பூர்த் தமிழ்த் துப்பறியும் நாடகங்களை எழுதுவோருக்கும் இயக்குவோருக்கும்,

வணக்கம். நீங்கள் எடுக்கும் கொலைக் கதைகளை விடாமல் பார்க்கும் வீடு எங்களுடையது. கதையைக் குறை சொல்ல வரவில்லை. வில்லன் யார் என்று என் அம்மா இரண்டாவது வாரமே சொல்லிவிடுகிறார், அது வேறு விஷயம். நான் எழுதுவது அந்த நீல விளக்கைப் பற்றி.

காட்சி உங்களுக்கே மனப்பாடம். ஈசூன் பக்கம் ஒரு வீவக அடுக்குமாடி வீடு. விளக்கை அணைக்கிறார்கள். அதிகாரி நீல டார்ச்சைத் தூக்கிப் பிடிக்கிறார். சுவரெல்லாம் ரத்தம் பச்சையாகப் பளபளக்கிறது. பின்னணியில் தடதடவென்று இசை. அடுத்த காட்சியில் கைவிலங்கு!

ரத்தம் அப்படி ஒளிராது. நேர்மாறாக, ஒளியை விழுங்கிக்கொள்ளும். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் மிக அதிகமாக உறிஞ்சுவது 415 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஊதா ஒளியை. அதனால் அந்த வெளிச்சத்தில் ரத்தக்கறை இன்னும் கறுத்துத் தெரியும். பழுப்புச் சோபாவில் வெறும் கண்ணுக்குப் பிடிபடாத ஒரு துளி, சுற்றியுள்ள துணி லேசாக ஒளிரும்போது ஓட்டை விழுந்த மாதிரி தனித்து நிற்கும். படம்பிடிக்க இதுவும் அழகான காட்சிதான்.

நீங்கள் மனத்தில் வைத்திருப்பது லூமினால் என்று நினைக்கிறேன். அது விளக்கு அல்ல, தெளிக்கும் மருந்து. ரத்தத்தில் உள்ள இரும்பு பட்டதும் தானாகவே நீலமாக ஒளிவிடும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். அதற்கு டார்ச் தேவையில்லை, இருட்டு போதும். தரையைத் துடைத்த பிளீச் பட்டாலும் ஒளிரும் என்பது அதன் தொல்லை.

சரி, நீல விளக்கில் எதுதான் ஒளிரும்? விந்துக்கறை நன்றாகவே ஒளிரும், எச்சில் மங்கலாக. கறை நீல ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்த மங்கல் வெளிச்சம் டார்ச்சின் நீலத்தில் மூழ்கிவிடும். நீலத்தைத் தடுக்கத்தான் ஆரஞ்சுக் கண்ணாடி. உங்கள் அதிகாரிகள் ஒருவரும் அதைப் போடுவதில்லை. கதாநாயகனின் கண் தெரிய வேண்டும், புரிகிறது. அப்புறம் கேமராவுக்கும் ஆரஞ்சு ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் நீலம் மட்டுமே விழும்.

நான் ஆய்வுக்கூடத்தில் இந்த மாதிரி விளக்குகளோடு வேலை செய்தவன். அதனால் சொல்கிறேன், இந்த விளக்கைக் கொஞ்சம் நம் சமையலறைக்குள் கொண்டுபோங்கள். குழம்பு தெறித்த கைத்துணி பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒளிரும். மஞ்சள்தூளில் உள்ள குர்குமின் என்ற நிறமியின் வேலை அது. புற ஊதா விளக்கு என்றால், சலவைத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி முழுக்க நீலவெள்ளையாகப் பளிச்சிடும், வாசலின் தடவிய கையும் தெரியும். தமிழர் வீட்டுச் சமையலறையில் நிற்கும் தடயவியல் அதிகாரிக்கு ஒளிராத இடம் கிடைத்தால்தான் அதிசயம். எது தடயம், எது நேற்றைய சாம்பார் என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்வதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதலாம். ஏன் எழுதுவதில்லை?

விளக்கு சொல்வது "இங்கே பார்" என்பதை மட்டும். கறையைப் பஞ்சில் எடுத்து, உறையிலிட்டு, எழுதிவைத்து அனுப்ப வேண்டும். அது என்ன, யாருடையது என்பதைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வுக்கூடம் சோதித்துச் சொல்லும். நம் ஊர் நீதிமன்றத்தில் 1970லிருந்து ஜூரி கிடையாது, தீர்ப்பு நீதிபதி கையில்தான். ஒளியைக் காட்டி அசத்த அங்கே ஆளில்லை. "ஒளிர்ந்தது என்றால் என்ன அர்த்தம்?" என்று தற்காப்பு வழக்கறிஞர் கிடுக்கிப்பிடி போடும் காட்சி உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

கைரேகைக்கும் இந்த உத்தி உண்டு. 1977இல் கனடாவில் மூவர் நீலப்பச்சை ஒளி தரும் ஆர்கான் லேசரைக் கொண்டு, பொடி தூவாமலே கைரேகையை ஒளிரவைத்த ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைய விளக்குகளுக்கெல்லாம் வழிகாட்டி அதுதான்.

ஆனால் நீங்கள் தொடாத கதை ஒன்று இருக்கிறது, அதுதான் நம் தோலுக்கு நெருக்கமானது. அடிபட்ட வீக்கமும் கன்றிப்போன இடமும் கறுத்த தோலில் சட்டென்று தெரியாது. பணிப்பெண்ணோ மனைவியோ "அடித்தார்" என்று சொல்ல, "காயத்தைக் காணோமே" என்று எதிரில் இருப்பவர் சொல்லும் நிலை. ஊதா ஒளி, மஞ்சள் கண்ணாடி இரண்டும் சேர்ந்தால், தோலுக்கடியில் உறைந்த ரத்தம் கறுத்துத் தெரியும். பல நிறத் தோல்களில் செய்து 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சாதாரண வெள்ளை வெளிச்சத்தைவிட இப்படிக் கன்றலைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்று தெரிந்தது. பழைய தழும்பும் தோலில் பூசியதும்கூடக் கறுத்துத் தெரியலாம் என்பதால் அங்கேயும் விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது. அந்தப் பெண் சொல்வதையும் மருத்துவர் கண்டதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கொலையே இல்லாமல் பத்து வாரம் ஓட்ட இந்தக் கதை போதும்.

பெரிய செலவு இல்லை. நீல எல்இடி டார்ச், நாலைந்து ஆரஞ்சுக் கண்ணாடி, லென்சுக்கு ஒரு ஃபில்டர், ஒரு கரண்டி மஞ்சள்தூள். டார்ச்சை மட்டும் நடிகர்களின் முகத்தில் அடிக்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு நேயர்