இரண்டு இடது இறக்கைகள்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் பத்து நாளைக்கு விட வேண்டும். மற்ற சேதியெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்றரை மாதம் உட்கார்ந்து மாடல் விமானத்துக்குப் பால்சா என்ற லேசான மரத்தில் இறக்கை செய்தானாம், உடம்போடு சேர்க்கும் நாளில்தான் இரண்டுமே இடது இறக்கை என்று தெரிந்ததாம், அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கமே போகவில்லையாம். படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பதினான்கு வயது. இதே தப்பை நான் நாற்பத்தாறு வயதில் செய்தேன்.

வரைபடத்தில் பெரும்பாலும் ஒரு பக்கத்து இறக்கையை மட்டும்தான் போட்டிருப்பார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இறக்கையின் விலா எலும்பு மாதிரியான ரிப்புகளைக் குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டினால் ஓர் இறக்கை வந்துவிடும். அதே தாளின்மேல் மறுபடி ஒட்டினால் மறுபடியும் அதே பக்கத்து இறக்கைதான் வரும். கவிழ்த்து வைத்தால் வளைவு கீழே போய்விடும், சுற்றி வைத்தால் முன்விளிம்பு பின்னால் போய்விடும். எப்படி வைத்தாலும் வலது ஆகாது. இதற்கு வழி அடுப்படியில் இருக்கிறது. ஒரு ஸ்பூன் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வரைபடத் தாளின் பின்பக்கம் தேய்க்கச் சொல். பஜ்ஜி சுற்றித் தரும் பேப்பரில் மறுபக்கத்து எழுத்து தெரியுமே, அப்படிக் கோடுகள் தெரியும். தாளைத் திருப்பிப் போட்டு அதன்மேல் ஒட்டினால் வலது இறக்கை வந்துவிடும்.

தெர்மாகோல் கதை ஒன்றும் உண்டு. ஒரு மழை நாளில் சூப்பர் க்ளூ விட்டுத் தெர்மாகோல் விமானத்தின் வாலை ஒட்டினேன். கண் முன்னாலேயே சர்க்கரை மாதிரி கரைந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்த வெள்ளை நுரைக்குச் சாதாரண சூப்பர் க்ளூவும் ஆகாது, ஸ்ப்ரே பெயின்டும் ஆகாது. ஃபெவிகால் போட்டு ஓர் இரவு காயவிட வேண்டும். சரி, அதைக்கூட விடு. உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

நீ என் பிறந்தநாளுக்குக் கொடுத்தாயே, அந்த மஞ்சள் டிரெய்னர், பறக்கவிடப் பழகும் ரிமோட் விமானம். கடல் காற்று தூக்கி அடித்துவிட்டது என்று அன்று சாயங்காலம் போனில் சொன்னேன். காற்று அடிக்கவில்லை. உன்னிடம் நான் சொன்னது பொய்.

தை மாதக் கடைசி, காலை ஆறரை மணி. தென்பெண்ணைக் கரைப் பக்கம் அறுவடை முடிந்த வயல். ஓர் இலை அசையவில்லை. அதற்காகவே அந்த நேரத்தில் போயிருந்தேன். முதல் நாள் இரவு அய்லரான் சர்வோவில், அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடலை அசைக்கும் குட்டி மோட்டாரில், பல் உடைந்திருந்ததால் புதிது மாட்டியிருந்தேன். அந்தக் குழியில் அது சரியாக உட்காரவில்லை, கவிழ்த்து மாட்டினேன். கவிழ்த்து மாட்டினால் அசைவும் தலைகீழாகிவிடும், ரிமோட்டில் ரிவர்ஸ் போட வேண்டும். எனக்குத் தெரியாத விஷயமா அது? சாப்பாட்டு மேசையில், விமானத்தின் மூக்கு என்னைப் பார்க்க இருந்தபடியே ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அசைந்தது. நல்லது என்று படுக்கப் போய்விட்டேன். எந்தப் பக்கம் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்க்கவில்லை.

கையால் வீசிவிட்டேன். நன்றாகத்தான் ஏறியது. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்ததும் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். மூன்று நொடிகூட இருக்காது, அரிதாளுக்கு நடுவே மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது.

மாடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் வாலை எடுத்து வந்து கொடுத்தார். "காத்தே இல்லியே தம்பி, ஏன் உழுந்துது?" என்று கேட்டார். பேட்டரி இன்னும் இணைப்பில் இருந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து, பின்னால் இருந்து பார்த்தபடி ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். வலது அய்லரான் கீழே இறங்கியது. மேலே ஏற வேண்டியது அது. அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. நீ ஆசையாக வாங்கிக் கொடுத்ததை என் அசட்டையால் உடைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னித்துவிடு.

2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில், பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஒரு நிஜ விமானத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. எம்ப்ரேயர் 190 ஜெட், உள்ளே 6 பேர். அய்லரான் கேபிள்களை மாற்றி இணைத்திருந்தார்கள், தரையில் யார் கண்ணிலும் படவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிர்ப்பக்கம் சாய்ந்த விமானத்தை அந்த விமானிகள் வானத்திலேயே பழகி, பேஜா விமான தளத்தில் மூன்றாவது முயற்சியில் இறக்கினார்கள். அவர்களுக்கு உயரம் இருந்தது, நேரமும் இருந்தது. தென்னை மர உயரத்தில் எனக்கு இரண்டும் இல்லை.

அப்போதிருந்து புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, விமானத்தின் பின்னால் நின்று, "வலது, வலது மேலே" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் பார்க்கிறேன். பிறகு பேட்டரியை அதன் இடத்தில் கட்டி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குவேன். தம்பியின் இறக்கை 20 செ.மீ. அகலம் என்றாயே, முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ.க்குள் விரல் இருக்கும்போது அது மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்தச் சொல். பேட்டரி இல்லாமல் பார்த்துவிட்டு, பிறகு கையில் வந்த இடத்தில் செருகுவது இன்னொரு தப்பு. அதையும் நான் செய்திருக்கிறேன்.

புதுச்சேரியில் உங்கள் லாஸ்பேட்டையில் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அங்கே பறக்கவிட நினைக்காதே. இங்கே அழைத்து வா. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே. முதல் நாள் இரவே வந்து தங்கினால் விடியலில் வயலுக்குப் போய்விடலாம். அந்த மூன்று நொடிக் கதையை நானே தம்பியிடம் சொல்கிறேன்.

அந்த இரண்டு இடது இறக்கைகளையும் யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரைபடத்தை நகல் எடுத்து எனக்கு ஒன்று அனுப்பு. வலது இறக்கை ஒன்றை நான் இங்கே ஒட்டுகிறேன், இன்னொன்றை அவன் அங்கே ஒட்டட்டும். விமானம் இரண்டாகிவிடும். ஒன்றுக்கு மஞ்சள் தாள் ஒட்டிக்கொள்கிறேன். நீ கொடுத்ததன் மோட்டார் இன்னும் என்னிடம் நல்லபடியாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்