கிராம சபையை ஒப்பித்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

ஆறாம் வகுப்புக் குடிமையியலில் உள்ளாட்சிப் பாடம் முடிந்ததும், கிராம சபை கூடும் நாட்களை மாணவர்கள் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தச் சபையில் எழுந்து தன் தெருவுக்குக் குழாய் கேட்கவும், அடுத்த தெருக்காரர் மறுத்தால் குரல் உயராமல் பதில் சொல்லவும் எங்கே பழகுவார்கள்? நீதிபோதனை வகுப்பு இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். போகாவிட்டாலும், கோபப்படக் காரணமே இல்லாத வேளையில் கோபத்தை அடக்கப் பழக முடியாது.

இந்தப் பாடத்துக்குள்ளேயே மாதிரி கிராம சபைக்கு 2 பாடவேளை ஒதுக்கலாம். 40 பேர் என்றால், 8 பேர் வீதம் 5 தெருக்கள். எந்தத் தெரு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நண்பர்கள் கூடி உட்கார்ந்தால் ஊரில் உள்ள பிரிவினையே வகுப்பிலும் வந்து உட்காரும். பணம் ஒரு வேலைக்கு மட்டுமே. தெருவிளக்கா, குழாயா, கழிவுநீர்க் கால்வாயா? முதல் நாள் கோரிக்கையும் காரணமும் எழுத வேண்டும். மறுநாள் சபை, பேசுகிறவருக்கு 1 நிமிடம்.

விதி ஒன்றுதான். முன்பு பேசியவரின் வாதத்தைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, அவர் “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்ற பிறகே மறுக்கலாம். முதல் பத்து நிமிடம் இழுவையாகத்தான் இருக்கும். பல ஆசிரியர்கள் பொறுமையிழந்து விதியைக் கைவிடுவது அங்கேதான். தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிட்டால் சபை அத்தோடு முடிந்தது.

கடைசி 8 நிமிடம், சபையில் தங்களுக்கு என்ன உணர்வு வந்தது என்று எழுத விடுங்கள். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் “கடுப்பா இருந்துச்சு” என்பார்கள். அது ஏமாற்றமா, அவமானமா, பயமா என்று பிரித்துப் பார்க்க அந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும். எழுதியதை வகுப்பில் வாசிக்கச் சொல்லக் கூடாது. கேலிக்குப் பயந்து அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதை வளரறி மதிப்பீட்டுச் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) செயல்பாடாகவே சேர்க்கலாம். சபை எடுக்கும் தீர்மானத்துக்கும் திருப்பிச் சொன்னதற்கும் மட்டும் மதிப்பெண். உணர்வுக்கு மதிப்பெண் போட்டால், ஆசிரியருக்குப் பிடித்த உணர்வைத்தான் எழுதித் தருவார்கள். கல்வித் துறை ஆசிரியர் கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

சமூக அறிவியல் ஆசிரியர்,
மதுரை