சேர்வதற்கு முன் ஒரு கேள்வி

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் புது வேலையைப் பற்றி நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும்போது குறுக்கே பேச மனசு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மூன்று ஊர்களுக்கும் பொதுவான தீயணைப்பு அழைப்பு மையம், சம்பளம் இப்போதைய சிட்டி (நகராட்சி) வேலையைவிட அதிகம். சரி, நல்ல செய்திதான். ஆனால் உன் பென்ஷனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டாயா?

"கால்பெர்ஸ்தானே அப்பா" என்பாய். கால்பெர்ஸ் கலிபோர்னியா அரசு ஊழியர்களின் பென்ஷன் நிதி, பணத்தை வாங்கி முதலீடு செய்து கொடுக்கும், அவ்வளவுதான். பணம் கட்ட வேண்டியது உன்னை வேலைக்கு வைத்தவர்கள். சிட்டிக்கு வரி வருமானம் உண்டு. ஊர்கள் சேர்ந்து தொடங்கும் கூட்டு அமைப்புக்குப் பெரும்பாலும் ஊர்கள் தரும் பங்கும் மானியமும்தான். நம் ஊரில் பங்காளிகளின் பொதுக் கிணறு நினைவிருக்கிறதா? இறைக்க எல்லாரும் வருவார்கள், தூர் வார ஆள் தேட வேண்டும்.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் அசூசா, கொவீனா, கிளெண்டோரா, வெஸ்ட் கொவீனா நான்கு ஊர்களும் சேர்ந்து 1979-இல் ஓர் அமைப்பு தொடங்கின. வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலை தேடித் தருவது அதன் பணி. 2014-இல் அதை மூடிவிட்டார்கள். பென்ஷன் பாக்கியைக் கேட்டு கால்பெர்ஸ் அந்த ஊர்களிடம் போனது. அது தனி அமைப்பு, எங்கள் கடன் இல்லை என்று நான்கும் கைவிரித்தன. ஓர் அமைப்பு கால்பெர்ஸோடு போட்ட பென்ஷன் ஒப்பந்தம் முறிந்தால் கால்பெர்ஸ் அந்தக் கணக்கை ஆபத்தில்லாத, வருமானம் குறைந்த முதலீட்டுக்கு மாற்றிவிடும், அதனாலேயே கேட்கும் தொகை மளமளவென்று ஏறிவிடும். கட்ட ஆள் இல்லை. 2017-இல் சுமார் 200 பேரின் பென்ஷனை வெட்டினார்கள், சிலருக்கு 63 சதவீதம் வரை. ஆயிரம் டாலர் வாங்கியவருக்கு 370! அந்தச் செய்தியைப் படித்த அன்று உன் அம்மா என் பழைய ஆர்டரையெல்லாம் பீரோவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், நான் முழுக்க சிட்டியில்தான் இருந்தேன் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் 2018-இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது, ஏபி 1912 என்று பெயர். கூட்டு அமைப்பைக் கலைக்குமுன் பென்ஷன் பாக்கியை உறுப்பு ஊர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும், ஒத்துவராவிட்டால் கால்பெர்ஸே பிரித்துக் கொடுக்கும். "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஊர்கள் தங்களுக்குள் போடும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்கவும் முடியாது. முதலில் கொண்டுவந்த மசோதா இதைவிடக் கடுமையானது, ஊர்கள் போட்ட கூச்சலில் இளகிவிட்டது என்பது என் வருத்தம். இருந்தாலும் உன் நிலைமை அந்த 200 பேரைவிட எவ்வளவோ மேல், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீ சிட்டியில் சேர்த்த வருஷங்களின் பென்ஷன் சிட்டி கணக்கிலேயே நிற்கும், அதில் இந்தப் புது இடம் கை வைக்காது. புது இடத்து வருஷங்கள்தான் கேள்வி. கையெழுத்துப் போடுமுன், நீ யாருடைய ஊழியர், அந்த அமைப்புடையவளா இல்லை ஏதாவது ஓர் ஊரின் ஆளாக அங்கே வேலை செய்கிறாயா என்று கேள். நடுவில் ஓர் ஊர் விலகினால் தன் பங்கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பார். கால்பெர்ஸ் ஒவ்வொரு அமைப்புக்கும் வருஷா வருஷம் மதிப்பீட்டு அறிக்கை போடுகிறது, இன்றைக்கே கலைத்தால் பாக்கி எவ்வளவு என்ற கணக்கும் அதில் இருக்கும். எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை அம்மா தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா