வாம்பயருக்காகக் கடலுக்கு வந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

ஏப்ரல் 9 காலை, பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு நேரே கடலில் பூப்போட எங்களோடு நின்றவர்களுக்கு இந்த மடல். அன்றைக்கே சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

மட்டக்களப்பில் ஹெர்மிஸைத் தெரியாதவர் குறைவு. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9 காலை இங்கே மூழ்கிய, சுழியோடிகள் தேடிவருகிற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. அதற்குத் துணையாக வந்து, அதே காலையில் மூழ்கிய அவுஸ்திரேலிய நாசகாரிப் போர்க்கப்பல் வாம்பயரை யாரும் பேசுவதில்லை. அந்தப் பெயரை இந்தக் கடலில் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1917இல் பிரித்தானியாவில் கடலில் இறக்கிய கப்பல். மத்தியதரைக் கடலுக்குப் போன ஐந்து அவுஸ்திரேலிய நாசகாரிகளைப் பழைய இரும்பு என்று ஜெர்மன் பிரசாரம் ஏளனம் செய்தது. அந்த ஐந்தில் இதுவும் ஒன்று. 1941இல் கிரேக்கத்திலிருந்து படையினரை ஏற்றிவந்ததும் இந்தப் பழைய இரும்புதான். அதே ஆண்டு டிசம்பர் 10, மலாயாக் கரையோரம் பிரித்தானியப் போர்க்கப்பல் ரிபல்ஸ் மூழ்கியபோது 200 பேருக்கு மேல் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தது.

அன்றிலிருந்து வாம்பயர் மூழ்கிய நாள்வரை நாலு மாதத்துக்கு ஒருநாள் குறைவு. 1942 ஏப்ரல் 8 இரவு, தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து இரண்டு கப்பலும் திருகோணமலையை விட்டுத் தெற்கே போயின. மறுநாள் திரும்பி வரும்போது ஜப்பானிய விமானங்கள் பிடித்துக்கொண்டன. ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. அது மூழ்கிய சிறிது நேரத்தில் வாம்பயரும் முறிந்து மூழ்கியது. கப்பல் தலைவர் வில்லியம் மோரன் கரை திரும்பவில்லை. அந்தப் பக்கம் வந்த வைத்தியசாலைக் கப்பல் வீட்டா, சுமார் 600 பேரை ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. மலாயாக் கடலில் கைகொடுத்த மாலுமிகளுக்கு இங்கே வீட்டா கைகொடுத்தது. இதை வாசித்த நாளிலிருந்துதான் வாம்பயர் எனக்குச் சொந்தக் கப்பல் போலாகிவிட்டது.

எங்களைப் படகில் கொண்டுபோன சம்மாட்டி ஐயாவுக்கு எண்ணெய்க் காசை நீட்டினேன். என் விரல்களை மடக்கிவிட்டார். "கடலில செத்தவனுக்குப் பூப்போடக் காசு வாங்கிப்போட்டு, நாளைக்கு நான் எப்பிடித் தம்பி வலை போடுறது?" இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதிக்கும் நன்றி ஐயா.

விடியமுன் செவ்வரத்தம்பூப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மீன்வாடை படக்கூடாது என்று புதுப்பெட்டியே வாங்கித் தந்த அக்கா, ஒரு பூவும் வாடவில்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஐயா மாலுமிகளின் பெயர்களைத் தமிழில் எழுதித் தந்து, மூன்று பின்னேரம் என்னை வாசிக்கப் பழக்கினார். "தாய் கூப்பிட்ட மாதிரி இருக்க வேணும்" என்று திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். அவர் இல்லாவிட்டால் தடுமாறியிருப்பேன்.

சம்மாட்டி ஐயாவின் பேரன் தன் பங்குப் பூவில் ஒன்றைக் கடைசிவரை கைக்குள் வைத்திருந்தான். படகு திரும்பும்போதுதான் போட்டான். யாருக்கென்று கேட்டேன். "ஏத்திக்கொண்டு போன கப்பலுக்கு" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. நன்றி மகன்.