ஓடும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் செருகலாம் என்று விற்ற மின்சுற்று அட்டை எரிந்தது பற்றிய முறைப்பாடு

வாழைச்சேனை,
மட்டக்களப்பு மாவட்டம்.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா/அம்மணி,

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறேன். கொம்பிரசரையும் உப்புநீர்த் தொட்டியின் குளிரையும் உங்களிடம் வாங்கிய 24 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் பார்த்துக்கொள்கிறது. பெட்டியை நிறுத்தாமலே அதிலுள்ள மின்சுற்று அட்டையைக் கழற்றி மாட்டலாம் என்று கையேட்டில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். பலநாள் படகுகள் ஐஸ் ஏற்றக் காத்து நிற்கும்போது மெஷினை நிறுத்த எங்களால் முடியாது.

பழுதான வெப்பநிலை அட்டைக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய புது அட்டையை எங்கள் டெக்னீசியன் கையேட்டில் சொன்னபடியே செருகினார். பட்டென்று பொறி பறந்தது. அந்த அட்டை அதோடு சரி. பக்கத்து அட்டைகளும் ரீசெட் ஆகி, கொம்பிரசர் நின்றுவிட்டது. திரும்ப ஓடவிடுவதற்குள் தொட்டி சூடேறி, கட்டிகள் நடுவில் உறையாமல் தண்ணீராகவே கிடந்தன. படகுக்காரர்கள் வேறிடம் போய்விட்டார்கள்.

அட்டையைப் பெட்டியோடு இணைக்கும் உலோக முள்ளான பின் (pin) உப்புக்காற்றில் அரித்துவிட்டது, உத்தரவாதம் செல்லாது என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். அரிப்பு என்றால் எல்லாப் பின்னிலும் பச்சை பூத்திருக்க வேண்டும். இதில் 24 வோல்ட் பின்னின் நுனியில் மட்டும் ஒரு குழி, அதன் ஓரத்தில் கடுகளவு உருகிய செம்பு. மற்றப் பின்களில் தங்கப் பூச்சு மங்கக்கூட இல்லை.

அட்டைக்குள் மின்சாரம் நுழையும் வாசலிலேயே, மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் 2200 மைக்ரோபரட் கப்பாசிற்றர் இருக்கிறது. சார்ஜ் இல்லாத கப்பாசிற்றர் செருகிய கணத்தில் ஷோர்ட் மாதிரித்தான். பாதையின் தடை 0.1 ஓம் என்று வைத்தாலே 240 அம்பியர் பாயப் பார்க்கும். பவர் சப்ளை அவ்வளவு கொடுக்காவிட்டாலும் பக்கத்து அட்டைகளின் கப்பாசிற்றர்கள் தங்களிடம் உள்ளதைக் கொட்டிவிடும். 24 வோல்ட் சரிந்து அவை ரீசெட் ஆனது அதனால்தான். அதே கப்பாசிற்றரை 50 மில்லிசெக்கனில் மெல்ல நிரப்பினால் சராசரி 1 அம்பியர் சொச்சம்தான் ஓடும். அதற்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச் மாதிரியான ஒரு மொஸ்பெட்டும், அதை மெதுவாகத் திறக்கும் ஹொட் ஸ்வாப் ஐசி என்ற கட்டுப்பாட்டுச் சிப்பும் வேண்டும். உங்கள் அட்டையில் இரண்டும் இல்லை, ஒரு பியூஸ்தான் உண்டு. இவ்வளவு குறுகிய பாய்ச்சலைப் பியூஸ் தடுக்காது, அது எரியக்கூட இல்லை. பின்களும் எல்லாம் ஒரே நீளம். கிரவுண்ட் முதலிலும், அட்டையை இயக்கும் பின் கடைசியிலும் தொடும்படி நீட்டிக் குறைத்து வைப்பதுதானே வழக்கம்?

எரிந்த அட்டைக்குப் பதிலாகப் பாதுகாப்புச் சுற்று உள்ள அட்டை வேண்டும், அதே மாதிரி இன்னொன்றைத் தந்தால் வாங்க மாட்டேன். அந்த ஐஸ் நட்டத்தையும் ஈடுசெய்ய வேண்டும். அட்டையைத் திருத்தும்வரை கையேட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, இதே பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உடனே அறிவியுங்கள்.

உருகிய பின்னின் படங்களை இணைத்துள்ளேன். உங்கள் பொறியியலாளரை அனுப்பினால் அட்டையை நேரில் காட்டுகிறேன், தபாலில் அனுப்ப மாட்டேன். பதிலை எழுத்தில் தாருங்கள். அது வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
ஐஸ் தொழிற்சாலை உரிமையாளர்