ஆண்டறிக்கை 2024–25: பொது வலையமைப்பைத் தனித்தனி வழித்தடங்களாகப் பிரித்த பணி

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், லிஃப்ட், சந்தா விவரங்கள் வரவு செலவு அறிக்கையில் உள்ளன. இவ்வாண்டு அதிக உழைப்பை வாங்கியது வலையமைப்புப் பணி என்பதால் அதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

அலுவலகக் கணினிகள், ஏ பிளாக் கேமராக்கள், சமுதாயக் கூட வைஃபை மூன்றும் ரூட்டரின் ஒரே ரூட்டிங் டேபிளில் (எந்தத் தகவல் எந்த வழியே போக வேண்டும் என்னும் பட்டியல்) இருந்தன. நடுவே நின்றவை ஃபயர்வால் விதிகள் (எந்தத் தொடர்பை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பவை) மட்டுமே. ஒரு விதி வரிசை மாறினால் போதும், விருந்தினர் கைப்பேசிக்கும் கேமரா பதிவுகள் வரை வழி திறந்துவிடும். பிள்ளைகள் விளையாடும் இடத்தின் காட்சிகள் அவை. பி பிளாக் கேமராக்களும் ஏ பிளாக் கேமராக்களின் அதே 192.168.1.0/24 முகவரித் தொகுதியில் இருந்ததால் அவற்றை இணைக்கவே முடியவில்லை.

நம் ரூட்டரை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 4.3 பதிப்பு (2015) முதல் வி.ஆர்.எஃப். (VRF) என்னும் ரூட்டிங்கைப் பிரிக்கும் வசதி உண்டு. ஒரே ரூட்டருக்குள் பல ரூட்டிங் டேபிள்கள். ஒன்றின் வழி மற்றொன்றுக்குத் தெரியாது. எனவே புதிய ரூட்டர் வாங்கவில்லை. பல வலையமைப்புகளை ஒரே கேபிளில் கொண்டுசெல்லும் டிரங்க் போர்ட் ஒன்றில் வி-லேன் (அந்தக் கேபிளுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) 10, 20, 21, 30 அமைத்து, ஒவ்வொன்றையும் தனி வி.ஆர்.எஃப்.-இல் சேர்த்தோம். டேபிள் எண்கள் 110, 120, 121, 130.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கேமரா டேபிள்களில் இணையத்துக்கான வழி கிடையாது. வழி இல்லையென்றால் பாக்கெட் (தகவல் துண்டு) நின்றுவிடாது; தேடல் அடுத்த ரூட்டிங் விதிக்குச் சென்று பொது டேபிளில் வழி கண்டு வெளியேறிவிடும். அதனால் ஒவ்வொரு டேபிளிலும் 4278198272 என்ற மெட்ரிக்குடன் (முன்னுரிமை எண்; பெரிதாக இருந்தால் கடைசியில்தான் பயன்படும்) 'சென்றடைய முடியாது' என்னும் இயல்பு வழியை (வேறு வழி பொருந்தாதபோது பயன்படுவது)க் கட்டாயம் போட வேண்டும்.

இன்டர்ஃபேஸை (ரூட்டரின் வலையமைப்பு இணைப்பு) வி.ஆர்.எஃப்.-க்கு மாற்றும்போது அதை நம்பியிருந்த நிலையான வழிகள் அழிந்துவிடும். மீண்டும் சேர்க்க வேண்டும். தொலைவிலிருந்து செய்தால் நடுவே இணைப்பு அறுந்துவிடலாம் என்பதால், இந்த வேலையை ரூட்டருடன் நேரடியாக இணைந்த கன்சோலில் அமர்ந்துதான் செய்ய வேண்டும். தொலைவிலிருந்து ரூட்டரை இயக்க உதவும் எஸ்.எஸ்.ஹெச். சேவையை அலுவலக வி.ஆர்.எஃப்.-க்குள் மட்டும் இயக்கினோம். எல்லா வி.ஆர்.எஃப்.-களிலிருந்தும் இணைப்பை ஏற்கும் அமைப்பு சுலபம்தான், ஆனால் வைஃபைக்கும் கதவைத் திறந்துவிடும்.

அலுவலகத்திலிருந்து இரு பிளாக் பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஒரே முகவரித் தொகுதியை இரு பக்கத்திலிருந்தும் ஒரு டேபிளுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே பி பிளாக்கை 192.168.22.0/24-க்கு மாற்றினோம். பிறகு பதிவுக் கருவிகளுக்கு மட்டும் /32 வழிகளை (ஒரே ஒரு முகவரிக்கானவை) அலுவலக டேபிளிலும், அலுவலகக் கணினிக்கான /32 வழியைக் கேமரா டேபிள்களிலும் சேர்த்தோம். திரும்பும் வழியை மறந்தால் கோரிக்கை போகும், பதில் வராது. சோதனையைக் கணினியிலிருந்து செய்யுங்கள். ரூட்டரிலிருந்தே பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) செய்தால், சரியாக உள்ள இணைப்பும் பழுதாகத் தோன்றலாம். இந்த வழிகளின் மேல் ஃபயர்வால் தொடர்கிறது, வி.ஆர்.எஃப். அதற்கு மாற்று அல்ல.

லிஃப்ட் அவசரத் தொலைபேசிக்கு வி-லேன் 40, டேபிள் 140 ஒதுக்கியுள்ளோம். அமைப்புக் கோப்பின் அச்சுப் பிரதி அலுவலக அலமாரியில் உள்ளது. இவ்வறிக்கைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்